நான்காவது குமிழியின் இடுப்பு

ஏழு கண்ணாடிக் குமிழிகளும் அவள் வீட்டுச் சமையலறை ஜன்னல் விளிம்பில் இருந்தன. முதலாவது இரண்டு கையாலும் ஏந்த வேண்டிய அளவு. ஏழாவது எலுமிச்சை அளவு. நான்காவதற்கு மட்டும் இடுப்பு இருந்தது. ஒருமுறை உப்பி, சற்றே ஒடுங்கி, மறுபடி உப்பியது போல. காலையில் அவற்றைத் துடைத்துவிட்டுத்தான் பட்டறைக்குக் கிளம்புவாள்.

பட்டறையில் அவளைச் சூளையக்கா என்பார்கள். ஊதி முடித்த கண்ணாடியை அப்படியே வெளியில் வைத்தால் வெடித்துவிடும். சூளைக்குள் வைத்து, மணிக்கு இத்தனை என்று சூட்டைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். இருபத்தாறு வருடமாக அது அவள் பொறுப்பு. பொறுமை அவள் குணமல்ல, வேலை. வீட்டில் பால் காய்வதற்குள் இரண்டு தடவை அடுப்பைத் திட்டுகிறவள்தான்.

அவள் கணவர் அதே பட்டறையில் ஊதுகிறவர். மாதத்தின் முதல் நாள் உலையில் புதுக் கலவை உருகும். நிறம் சரியா, உள்ளே தூசி நிற்கிறதா என்று பார்க்க, குழலில் கொஞ்சம் எடுத்து ஒரே மூச்சில் ஒரு குமிழி ஊதுவார்கள். பார்த்ததும் உடைசல் தொட்டியில் போட்டுவிடுவது வழக்கம். நுரையீரல் சுருங்கிக்கொண்டு வருகிறது என்று டாக்டர் சொன்ன மாதத்திலிருந்து அவர் அதைத் தொட்டியில் போடவில்லை. சூளையின் ஒரு மூலையில் வைத்து ஆற்றித் தரச் சொல்லி அவளிடம் கொடுத்தார். எதற்கு என்று கேட்டாள்.

"அளவு பாத்துக்கத்தான். டாக்டர் மெஷினைவிட இது சரியா சொல்லும்."

ஏழு மாதம் சொன்னது. எட்டாவது மாதம் வேறொருவர் ஊதினார்.

துக்கம் கேட்க மாஸ்டர் வந்தார். பட்டறையின் சொந்தக்காரர், கண்ணாடிச் சிற்பி, அவளைவிடப் பத்து வயது சின்னவர். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தவர் ஜன்னலருகே நின்றுவிட்டார். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நான்காவதின் இடுப்பைப் பற்றி மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

அரை வருடம் கழித்து மாஸ்டரின் கையிலிருந்து பெரிய பெரிய குமிழிகள், ஒன்றைவிட ஒன்று சிறிதாக, சூளைக்கு வர ஆரம்பித்தன. மூன்றாவது வந்தபோது அவளுக்குச் சந்தேகம் வந்தது. நான்காவது இடுப்போடு வந்ததும் கையுறையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் வீட்டுக்காரரை நினைத்துச் செய்கிறார் என்று நம்பினாள். அந்த வாரம் முழுக்க மாஸ்டருக்கு அவளே டீ போட்டுக் கொடுத்தாள். பிற்பாடு மற்றதையெல்லாம்விட அந்த டீதான் நெஞ்சில் எரிந்தது.

அந்த ஆண்டின் கண்ணாடிக் கலை விருதுக்கு அவர் தேர்வானார். விழா மலர் ஒரு கட்டு பட்டறைக்கு வந்தது. தங்கள் படைப்புக்குத் தூண்டுதல் எது என்று சிற்பிகள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதியிருந்தார்கள். மாஸ்டர் எழுதியிருந்தார்: 'மறைந்த என் தந்தையின் கடைசி ஏழு மாதங்கள். படுக்கையருகே அமர்ந்து அவருடைய மூச்சை எண்ணினேன். நான்காவதில் தெரியும் ஒடுக்கம், அவர் என் பெயரைச் சொல்ல முயன்ற கணம்.'

படித்ததும் அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஏனென்றால் மறைந்த தந்தை மாதம் தவறாமல் போன் செய்துகொண்டிருந்தார். வேறு ஊரில் மகள் வீட்டில் இருந்தார். சூளைக்குப் பக்கத்து மேஜையில் போன் அடிக்கும். மாஸ்டர் கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். அவர் வெளியே போயிருக்கிறார் என்று அவள் சொல்வாள். பெரியவர் தன் முட்டி வலியைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு வைத்துவிடுவார். நாலு வருடமாக இந்தப் பொய்யும் அவள் வேலையில் சேர்த்தி.

மலரை எடுத்துக்கொண்டு மாஸ்டரிடம் போனாள்.

"ஒரு வரி போதும் மாஸ்டர். விழாவுல பேசறப்ப அவர் பேரைச் சொல்லி ஒரு வரி."

"தூண்டுதல் எங்கேருந்து வேணும்னாலும் வரும்க்கா. அதுக்கெல்லாம் பேர் சொல்லிட்டிருந்தா விழா விடிஞ்சும் முடியாது."

அவள் நகரவில்லை. மாஸ்டர் சிரிப்பை நிறுத்தினார்.

"சோதனைக் குமிழி பட்டறைச் சொத்து. தொட்டில போட வேண்டியதை அவர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாரு. நான் அதைப் பெரிசு பண்ணலையே."

திருடன் என்ற சொல்லைச் சொல்லாமலே சொல்லியாகிவிட்டது. அவள் காது சுட்டது. மலரை மடக்கிக்கொண்டு சூளைக்குத் திரும்பினாள்.

விழாவுக்கு முந்தைய வாரம், தொங்கவிடக் கொக்கி வைப்பதற்காக மாஸ்டரின் ஏழும் இன்னொருமுறை சூளைக்கு வந்தன. சூட்டுத் திருகின் மேல் அவள் விரல் இருந்தது. கொஞ்சம் வேகமாக ஆற்றினால் போதும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அரங்கில், விளக்குச் சூட்டில், தானாகவே விரிசல் விடும். விரல் அங்கேயே வெகுநேரம் இருந்தது. பிறகு எடுத்துக்கொண்டாள். உடைந்தால் அவனுக்குத் துக்கம் கேட்க ஆள் வரும். அதை வைத்தும் ஒரு பக்கம் எழுதுவான். முழுசாக நிற்கட்டும். வாழ்நாளில் எதையும் ஆற்றாத அளவுக்கு அவற்றை நன்றாக ஆற்றினாள்.

இரண்டு நாள் கழித்து போன் அடித்தது. மாஸ்டர் கையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

"அவர் வெளியே போயிருக்கார் ஐயா" என்றாள். பிறகு, "உங்களுக்கு ஒண்ணு படிச்சுக் காட்டவா?" என்றாள்.

மலரில் மாஸ்டர் எழுதிய பக்கத்தைப் படித்து முடித்தாள். பெரியவர் கேட்டார்:

"என்னைக்காம் நான் போய்ச் சேர்ந்தது?"

"தேதி போடலை ஐயா."

"அந்த மட்டும் ஜாக்கிரதையா இருந்திருக்கான்." செருமிக்கொண்டார். "விழா என்னைக்கும்மா? என் சாவுக்கு நானே வரலைன்னா நல்லா இருக்காது."

கழுத்துப் பொத்தான் வரை போட்ட சலவைச் சட்டையோடு பெரியவர் பஸ்ஸிலிருந்து இறங்கினார். அரங்கில் பட்டறைக்காரர்களுக்கு மூன்றாவது வரிசை. தன் பக்கத்தில் அவரை உட்கார வைத்தாள். அந்த ஏழும் யாருடைய மூச்சு என்று வழியிலேயே சொல்லியிருந்தாள். மேடையில் ஏழு குமிழிகளும் வெளிச்சத்தில் தொங்கின. மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். அவர் பார்வை வரிசை வரிசையாகப் பின்னுக்கு வந்தது. அவள் காத்திருந்தாள். மூன்றாவது வரிசையில் அது நின்றது.

"என் அப்பா" என்றவர் அதற்கு மேல் போகவில்லை. தண்ணீர் குடித்தார்.

நடுவராக வந்திருந்த அம்மாள், மாஸ்டர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்து, கைகொடுப்பதுபோல ஒரு கேள்வி கேட்டாள். நான்காவதின் அந்த ஒடுக்கம் நடுவர்கள் எல்லோரையும் உலுக்கிவிட்டது, அந்தக் கணத்தைப் பற்றி மட்டும் சொன்னால் போதும் என்றாள்.

மாஸ்டர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார்.

"தெரியல" என்றார். மைக் அதை அரங்கம் முழுக்கச் சொன்னது.

பெரியவர் முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அந்த அப்பா நான்தாம்மா. மூச்சு இன்னும் இருக்கு. அந்த இடுப்பு எப்படி வந்துச்சுன்னு எனக்கும் தெரியாது. இந்தம்மாவுக்குத் தெரியும்."

பத்து நாளாக அவள் மனசுக்குள் திட்டித் திட்டிச் சேர்த்துவைத்த பேச்சு நீளமானது. எழுந்து நின்றபோது அதில் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

"அது இருமல்" என்றாள். "ஊதறப்போ என் வீட்டுக்காரருக்கு இருமல் வந்துச்சு. குழலை வாயிலேருந்து எடுக்கல. இருமி முடிச்சுட்டு மிச்சத்தை ஊதினாரு."

அவர் பெயரைச் சொன்னாள். காதில் விழாதவர்களுக்காக இன்னொருமுறை சொன்னாள். உட்கார்ந்தாள்.

நடுவர்கள் தலையைச் சேர்த்துக்கொண்டு பேசினார்கள். விருதுக் கேடயம் விழா முடியும்வரை மேஜையிலேயே இருந்தது. மாஸ்டர் பக்கவாட்டுக் கதவால் போய்விட்டார், அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாமல்.

பஸ் நிலையத்தில் பெரியவர் கேட்டார்: "எனக்கு அவ்வளவு தூரம் கண்ணு தெரியாது. அவன் முகம் எப்படி இருந்துச்சு?"

அவள் சொன்னாள். உதடு காய்ந்தது, கண் தாளுக்கும் அப்பாவுக்குமாக அலைந்தது, தண்ணீர் சட்டையில் சிந்தியது.

"போதும்மா" என்றார்.

அவள் நிறுத்தவில்லை. மிச்சத்தையும் சொல்லித்தான் பஸ் ஏற்றினாள்.

மறுநாள் அவள் வழக்கம்போல வேலைக்குப் போனாள். அவளை வேலையைவிட்டு நிறுத்தினால் ஊர் காரணம் கேட்கும் என்று மாஸ்டர் நிறுத்தவில்லை. விருது அந்த ஆண்டு யாருக்கும் இல்லை என்று அறிவித்தார்கள்.

அடுத்த மாதம் போன் அடித்தது. மாஸ்டர் பழக்கத்தில் கையை ஆட்டினார்.

"இருக்கார் ஐயா, தர்றேன்" என்றாள்.

ரிசீவரை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவள் கையை மடக்கவும் இல்லை. மெதுவாக ஆற விடுவது அவளுக்குத் தெரிந்த வேலை.