மச்சான் முகத்தில் ஒரு துரியோதனன்

மறந்துவிடு என்கிறார்கள். எதை மறப்பது? ஊரே பார்த்துக்கொண்டிருக்க என் மணிக்கட்டுக் காப்பை அறுத்தவன் என் பெண்டாட்டியின் கூடப்பிறந்த அண்ணன். சாகும்வரை மறக்கமாட்டேன்.

கடலூர்ப் பக்கம் எங்கள் ஊர் திரௌபதியம்மன் கோயிலில் தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொண்டவன், திருவிழா முடியும்வரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது. எனக்கு அது தெரியாதா என்ன? மகளுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் தீ மிதிக்கிறேன் என்று வேண்டியிருந்தேன். முடிந்தது, கட்டினேன். நாலாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குக் கீழே ஒரு ராத்திரி படுத்திருந்தேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

காலையில் திரும்பினால் கோயில் வாசலில் மச்சான், கையில் கத்தரிக்கோலோடு. விழாக் கமிட்டித் தலைவராயிற்றே! தீ மிதிப்பவர்கள் பெயரை எழுதுவதும் அவன்தான், அடிப்பதும் அவன்தான்.

"சட்டம்னா சட்டந்தான் மாப்ள. தங்கச்சி ஊட்டுக்காரருன்னு உட்டா நாளைக்கு ஒரு பய என்னிய மதிக்க மாட்டான்."

மஞ்சள் கயிறு மண்ணில் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இருடா, உனக்கு இருக்கு என்று கறுவிக்கொண்டே ஒரு வருஷம் போயிற்று.

நான் கொத்தனார். திருவிழாவின் கடைசி நாள் படுகளத்துக்கு, மல்லாந்து கிடக்கும் துரியோதனனை மண்ணால் செய்வது என் பொறுப்பு. காலையில் பீமன் வந்து அவன் தொடையைப் பிளப்பான். திரௌபதி அந்த ரத்தத்தைத் தொட்டுக் கூந்தலை முடிவாள். சாயங்காலம் தீமிதி.

மறுவருஷம் பெயர் எழுத மச்சான் ஆள் அனுப்பினான். அவன் கையால் என் பெயர் எழுதப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, பொம்மைக்கு மண் மட்டும் கேட்டேன். நெல்லிக்குப்பம் மில்லுக்குக் கரும்பு ஏற்றுகிற அவனுடைய டிராக்டரிலேயே மண் வந்து இறங்கியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

உடம்பு எப்போதும் போலத்தான். முகம் மட்டும் மச்சான். உருளைக்கிழங்கு மூக்கு, இடது கன்னத்தில் மச்சம், வழுக்கையை மறைக்கப் பக்கவாட்டில் இழுத்து வாரிய முடி, ஒன்றையும் விடவில்லை. தொடைக்குள் வழக்கமாக ஒரு பானை சிவப்புத் தண்ணீர் வைப்போம். நான் இரண்டு வைத்தேன்.

விடிந்ததும் கூடிய கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. என் பெண்டாட்டி மட்டும் சிரிக்கவில்லை. அதை நான் கண்டுகொள்ளவில்லை. மச்சான் வந்தான். பொம்மையை ஒரு சுற்றுச் சுற்றினான். கொத்துக்கரண்டியைப் பிடித்தபடி காத்திருந்தேன்.

"ராஜாவாட்டம் வச்சிருக்கியே மாப்ள" என்றான். போனைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்து, மண் தலைக்கு அருகில் மீசையை முறுக்கி நின்று போட்டோ எடுத்துக்கொண்டான்.

அடப்பாவி! துரியோதனன் ராஜா என்பது, வாரக்கணக்கில் பாரதம் கேட்டு வளர்ந்த எனக்கு எப்படி மறந்துபோயிற்றோ. ஆனாலும் பீமன் கதாயுதத்தை இறக்கி அந்தத் தொடையிலிருந்து சிவப்புத் தண்ணீர் சீறியபோது நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

படுகளம் முடிந்ததும் அந்த மண்ணுக்கு அடிதடி நடக்கும். துரியோதனன் மண்ணை அரிசிப் பானையில் போட்டால் வீட்டில் தானியம் குறையாது என்று ஆளாளுக்கு அள்ளுவார்கள். என் மகளும் துப்பட்டாவில் முடிந்து கொண்டுவந்தாள். மாமா மண் என்று சொல்லி எங்கள் அரிசிப் பானைக்குள் வைத்தாள். தடுக்கப் போனவன் பானையை மூடிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் கோயிலில் பம்பை மேளம் கேட்டது. நான் வீட்டு வாசலில் உட்கார்ந்து நகத்துக்குள் இருந்த மண்ணைக் குச்சியால் தோண்டிக்கொண்டிருந்தேன். மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்குன்னுதானப்பா வேண்டிக்கிட்ட? போன வருஷம் மாமா வாணான்னாரு. இந்த வருஷம் யாருப்பா வாணான்னது?"

மச்சான் மைக்கில் தீ மிதிப்பவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தான். என் பெயர் அதில் இல்லை என்று தெரிந்தும் கடைசிப் பெயர்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.