நாலு சிலிண்டருக்கும் ஒரே காற்று

போன வெள்ளிக்கிழமை மந்தைவெளியில் ஒரு கார் இன்ஜினுக்கு அட்சதை போட்டார்கள். நானும் ஒரு கை அள்ளிப் போட்டேன். அதனால் வந்த வினையைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் பக்கத்து வீட்டு கல்பனாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்கல் இன்ஜினீயர். அவள் கணவர் ரமேஷ் வேலை நாட்களில் ஆபீஸ் போகிறவர், லீவு நாட்களில் ரேஸ் ஓட்டுகிறவர். அவர்கள் வீட்டு ஷெட்டில் ஒரு பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது – டர்போ வைத்தது. டர்போ என்றால் என்ன? எனக்கும் தெரியாதுதான். காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கிற விசிறி என்று கல்பனா சொன்னாள். ஒழுங்காகத் திணித்தால் வேகம் வரும். தப்பாகத் திணித்தால் இன்ஜின் போகும்.

போனது. மழைக்கு முன்னால் ஒரு நாள் நாலாவது சிலிண்டரின் பிஸ்டன் உருகியே போய்விட்டது. அலையாய் அலைந்து இன்னொரு பழைய இன்ஜின் கொண்டுவந்தார்கள். அந்த மாடலுக்கு இந்த ஊரில் கிடைத்தது அது ஒன்றுதான். அதுவும் உருகினால் காருக்கு உறை போட்டு மூடிவிட வேண்டியதுதான்.

குற்றவாளி யார்? இன்டேக் மேனிஃபோல்டு. அதாவது, ஒரு அலுமினியப் பெட்டி, அதிலிருந்து கிளம்பும் நாலு குழாய்கள். வருகிற காற்றை நாலு சிலிண்டருக்கும் பங்கு போடுவது அதன் வேலை. டர்போவின் அழுத்தத்தைக் கூட்டியதும் அது நாலாவதற்கு மட்டும் அதிகமாகத் தள்ளியிருக்கிறது. பெட்ரோலோ எல்லோருக்கும் ஒரே அளவு. காற்று கூடி, பெட்ரோல் பத்தாமல், சூடு ஏறி...

"புதுசு ஒன்று வாங்கிவிடக் கூடாதா?" என்று கேட்டேன்.

"இந்த அழுத்தத்துக்கு யாரும் செஞ்சு விக்கறதில்லை சார். நாமளே செஞ்சுக்க வேண்டியதுதான்" என்றாள், ஏதோ ரவிக்கைக்கு ஹூக் தைக்கிற மாதிரி.

செய்தாள் ஐயா! முதலில் அட்டையில் வெட்டி ஒட்டினாள். பிறகு அலுமினியத் தகடு. ஆர்கான் வெல்டிங் செய்ய பட்டினப்பாக்கத்திலிருந்து செல்வம் வந்தார். பெட்டி தயாரானதும் வாக்யூம் க்ளீனரை ஒவ்வொரு குழாயிலும் மாட்டி உறிஞ்ச வைத்தாள். பக்கத்தில் வளைந்த கண்ணாடிக் குழாயில் மசி கலந்த தண்ணீர். நாலு முறையும் தண்ணீர் ஒரே உயரத்துக்கு ஏற வேண்டுமாம். ஏறவில்லை. பெட்டியை அறுத்தாள். மறுபடி வெல்டிங். மறுபடி தண்ணீர். மறுபடி அறுத்தாள்... எனக்கு ஒரு கடிதத்தை இரண்டாம் முறை எழுதவே அலுப்பாக இருக்கிறது. இந்தப் பெண்ணுக்குக் கோபமே வராதா?

கடைசியில் தண்ணீர் வழிக்கு வந்தது. அடுத்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லா வாயையும் ரப்பரால் அடைத்து, உள்ளே சாம்பிராணிப் புகையை ஊதினாள். எங்கேயும் புகை கசியவில்லை. தெருவில் போன ஒரு அம்மாள் ஷெட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேனிஃபோல்டை இன்ஜினில் மாட்டியாகிவிட்டது. மறுநாள் காலை ஸ்ரீபெரும்புதூர் ரேஸ் டிராக்கில் டெஸ்ட். கல்பனாவின் மாமியார் ராஜம் மாமி சும்மா இருப்பாரா? சந்தனம், குங்குமம், ஆரத்தி. எல்லார் கையிலும் அட்சதை. "போடுங்கோ, போடுங்கோ!" போட்டோம். பெட்டியின் பெரிய வாய் அப்போது ‘ஆ’வென்று திறந்திருந்தது. அதற்கான மூடியைத் தேடித்தான் கல்பனா வீட்டுக்குள் போயிருந்தாள்.

திரும்பி வந்தவள் அலறினாள். "ஐயோ அம்மா! உள்ள விழுந்துடுத்தே!"

"விழட்டுமே. உள்ளயும் ஆசீர்வாதம் போகட்டும்" என்றார் மாமி.

"ஒரு அரிசி என்ன பண்ணிடும் கல்பனா? எரிஞ்சு போயிடும். நாளைக்கு டிராக் புக் பண்ணியாச்சு" என்றார் ரமேஷ்.

"எரியாம வால்வ் இடுக்குல உக்காந்துண்டா? நம்மகிட்ட இருக்கறது இந்த ஒரு இன்ஜின்தான்" என்றவள், ஸ்பேனரை எடுத்துவிட்டாள். பஸ்ஸுக்குக் கிளம்பிய செல்வமும் திரும்பி வந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

போல்ட்டுகளைக் கழற்றி, மேனிஃபோல்டைத் தூக்கி, ஆரத்தித் தாம்பாளத்தின் மேலேயே கவிழ்த்தார்கள். மஞ்சள் அரிசி பொலபொலவென்று கொட்டியது. கூடவே ‘டிங்’ என்று ஒன்று விழுந்தது.

மிளகு அளவு அலுமினிய உருண்டை. வெல்டிங் செய்தபோது உள்பக்கம் வழிந்து ஒட்டிய துளி. தண்ணீருக்கும் புகைக்கும் அகப்படாமல் இருந்தது, போல்ட்டை முடுக்கியதில் கழன்றிருக்கிறது. அது சிலிண்டருக்குள் போயிருந்தால்? இந்த இன்ஜினும் போயிருக்கும்.

செல்வம் அந்த உருண்டையை எடுத்துப் பார்த்தார்.

"என்னுதுதான் மேடம். மூணாவது கொழா உள்பக்கம் தேய்க்காம வுட்டுட்டேன். இன்னும் கூட இன்னா கீதோ தெரியல. மொத்தமும் தேச்சுக் குடுத்துட்டுத்தான் போவேன்."

வாசகர்களே, நான் இத்தனை வருஷம் ஆபீஸில் குப்பை கொட்டியவன். எத்தனையோ தப்புகளைப் பார்த்திருக்கிறேன். ‘என்னுது’ என்று ஒருவர் உடனே கை தூக்கி ஒருநாளும் பார்த்ததில்லை. தப்பெல்லாம் டிரான்ஸ்ஃபரில் போனவர் செய்ததாகத்தான் இருக்கும்.

கல்பனா திட்டவில்லை. "சரி, சேர்ந்தே தேய்ப்போம்" என்றாள். அவ்வளவுதான். அந்த இரண்டு பேரையும் பார்க்கப் பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை டெஸ்ட் கைவிட்டுப் போயிற்று. அன்று பூராவும் தேய்த்தார்கள், கழுவினார்கள், மறுபடி தண்ணீர், மறுபடி புகை. ரமேஷ் டிராக்கில் கெஞ்சிக் கூத்தாடி ஞாயிறு மதியத்துக்கு நேரம் வாங்கினார்.

என்னையும் கூட்டிப் போனார்கள். கார் நேர்ச்சாலையில் வீறிட்டு வரும்போதெல்லாம் கல்பனா கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டாள். கடைசிச் சுற்று முழு வேகம். அப்படியே இன்ஜினை அணைத்து, உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார் ரமேஷ்.

இனிமேல்தான் பரீட்சை. நாலு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிப் பார்க்க வேண்டும். காற்று சமமாகப் போயிருந்தால் நாலும் ஒரே நிறம். வெளுத்திருந்தால் அந்த சிலிண்டர் உருகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். கல்பனா ஸ்பேனரை எடுத்தாள், கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள். செல்வம் ஸ்பேனரை வாங்கிக்கொண்டார்.

முதலாவது, பிஸ்கட் நிறம். இரண்டாவது, அதே. மூன்றாவதும் அதே. நாலாவதைத் துணியால் பிடித்து வெளியே எடுத்தவர், தான் பார்க்காமல் கல்பனாவிடம் நீட்டினார்.

பிஸ்கட் நிறம்!

கல்பனா அங்கேயே சிமென்ட் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். செல்வம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. பிளக்குகளை வரிசையாக வைத்து, குனிந்து குனிந்து பார்த்தோம்.

"யாராவது நான் எப்படி ஓட்டினேன்னு கேக்க மாட்டீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஹெல்மெட்டும் கையுமாக ரமேஷ்.

கேட்கவில்லை – ரமேஷ், கோபிக்காதீர்கள், நன்றாகத்தான் ஓட்டினீர்கள்!