கண்ணாடியைக் கழற்றச் சொன்னவர்

என் அக்காவைக் கட்டியவரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுநிலையோடு எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வியாசர்பாடியில் எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்குக்குப் பின்னால் இருந்த குத்துச்சண்டை கிளப்புக்கு அவர்தான் எல்லாம். குத்துச்சண்டையில் ஜெயித்து, அந்த சர்டிபிகேட்டைக் காட்டி, சர்க்கார் ஸ்டோர்ஸில் வேலை வாங்கியவர். அதனால் ஏரியாவே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. எங்கள் வீட்டில் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே ஆடினார்கள்.

எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் ஆறு. கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பது அம்மாவா தண்ணீர் டிரம்மா என்று குரலை வைத்துத்தான் சொல்வேன். அப்படிப்பட்ட நான் ஐந்து வருஷம் ரிங்கில் சண்டை போட்டேன். எதிராளி எனக்கு ஒரு சிவப்புப் புகை அல்லது நீலப் புகை, அவ்வளவுதான். அவன் கிளவுஸ் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் வரும்போதுதான் அது கிளவுஸ் என்றே தெரியும். அதனால் அவன் அடிக்கும்வரை காத்திருந்து திருப்பி அடிப்பேன். பொறுமையாக நின்று ஆடுகிறான், கவுன்ட்டரில் கில்லாடி என்று மாமா எல்லோரிடமும் பெருமை பேசுவார். பொறுமையாவது மண்ணாவது. கண் தெரியாமல் நின்றேன்.

போட்டிக்கு முன்னால் மெடிக்கல் உண்டு. கண்ணாடி இல்லாமல், சுவரில் மாட்டிய எழுத்துப் போர்டைப் படிக்க வேண்டும். எங்கள் கிளப்பில் அதற்கும் பயிற்சி இருந்தது. ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டே சொல்ல வேண்டும்: இ, எஃப் பி, டி ஓ இசட், எல் பி இ டி. மூச்சு வாங்கினாலும் எழுத்து தவறக்கூடாது. எல்லா இடத்திலும் ஒரே போர்டுதான் மாட்டியிருப்பார்கள் என்பது மாமாவின் கண்டுபிடிப்பு. அது பலித்தும் வந்தது. கடைசி வரியைக்கூட நான் தூக்கத்தில் சொல்வேன். பத்தாவதில் ஒரு செய்யுள் மனப்பாடம் ஆகாமல் அடி வாங்கியவன் நான்.

இரண்டாயிரத்து மூன்று வாக்கில் கண்ணாடியே தேவைப்படாமல் செய்யும் லேசர் ஆபரேஷன் பற்றிப் பேச்சு வந்தது. வேலைக்கான செலக்‌ஷன் வரப்போகிறது, அங்கே மெடிக்கல் கடுமையாக இருக்கும், மனப்பாடம் செல்லாது என்று மாமா கேள்விப்பட்டுவிட்டார். பத்து நிமிஷ வேலை, வலிக்காது, மறுநாளே கண் பளிச்சென்று ஆகிவிடும், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. மழையில், பஸ் நெரிசலில், கல்யாண வீட்டு ஆவியில் கண்ணாடியோடு மல்லுக்கட்டியவனுக்குத்தான் அந்த ஆசை புரியும். சோடாபுட்டி என்று கூப்பிட்டவன் ஒவ்வொருவனையும் கண்ணாடி இல்லாமல் முறைத்துப் பார்க்க வேண்டும் என்று வெறியே இருந்தது.

ஆஸ்பத்திரிக்குத் தனியாகத்தான் போனேன். முதலில் ஒரு மெஷினில் தாடையை வைக்கச் சொன்னார்கள். உள்ளே படமாக ஒரு ரோடு, அதன் கோடியில் ஒரு பலூன். பிறகு ஒரு பெண் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணாடி இல்லாமல் எதுவரை தெரிகிறது, படியுங்கள் என்றாள். எதிரே வெளிச்சமாக ஒரு வெள்ளைச் சதுரம். என் வாய் தானாகத் திறந்துகொண்டது. இ, எஃப் பி, டி ஓ இசட். கடைசி வரி வரைக்கும் மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டு, மார்க் எதிர்பார்க்கிற பையன் மாதிரி அவளைப் பார்த்தேன். கண் எவ்வளவு மோசம் என்று காட்டத்தான் அங்கே வந்திருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

அவள் சிரிக்கவில்லை. இந்தப் போர்டில் எழுத்தே கிடையாது, எல்லாம் நம்பர் என்றாள்.

டாக்டரம்மாவிடம் விஷயம் போயிற்று. எதற்கு மனப்பாடம் செய்தாய் என்று கேட்டார். மாமா சொல்லி அனுப்பியிருந்தார், பாக்சிங் என்று வாயைத் திறக்காதே என்று. ஆனால் மாட்டிக்கொண்ட அவமானத்தில் உண்மை வெளியே வந்துவிட்டது. அவர் முகம் மாறியது. சொட்டு மருந்து விட்டு, அரைமணி நேரம் உட்கார வைத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இரண்டு கண்ணையும் குடைந்து பார்த்தார். பிறகு மறைக்காமல் சொன்னார். லேசரில் கண்ணின் மேல் தோலை மூடி மாதிரி கீறித் திறந்து மூடுவார்கள், ஒரு குத்து சரியாக விழுந்தால் அந்த மூடி நகர்ந்துவிடலாம், அடி வாங்குகிறவனுக்கு அந்த ஆபரேஷனை அவர் செய்யமாட்டார். அது சின்ன விஷயம். உள்ளே விழித்திரையின் ஓரம் மெலிந்து, வலது கண்ணில் ஒரு ஓட்டை விழுந்திருக்கிறது. கண்ணாடியைக் கழற்றுகிற லேசர் அதைச் சரி செய்யாது.

"தம்பி, நீ லேசர் பண்ணிக்கலாமா வேணாமான்னு கேக்க வந்திருக்க. அது அப்புறம். இனிமே ஒரு அடி கூட உன் மூஞ்சில விழக்கூடாது. விழுந்தா இந்தக் கண்ணு போயிடும்."

சொட்டு மருந்து போட்ட கண்ணோடு பஸ் ஏறினேன். வெயில் ஊசியாக ஏறியது. பயமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது. ஐந்து வருஷம் என் கண் தெரியாது என்று தெரிந்தே ஒருத்தர் என்னை ரிங்கில் ஏற்றியிருக்கிறார்.

கிளப்பில் மாமா தனியாக இருந்தார். டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் அசையவில்லை. வேறு ஆஸ்பத்திரி பார்க்கலாம் என்றார், அங்கே பாக்சிங் பற்றி மூச்சு விடாதே என்றார். லேசர் பண்ணிக்கொண்டு ஒரு மாசம் படுத்திரு, மெடிக்கலும் முடிந்துவிடும், போட்டிக்கும் வந்துவிடலாம் என்றார். ஓட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"கண்ணு போயிட்டா இன்னா மாமா பண்றது?" என்று கேட்டேன்.

"கண்ணு போறதுக்குள்ள வேல வந்துடும்டா. எனக்கு வந்துச்சில்ல."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் தன் இடது கண்ணை விரலால் தொட்டுக் காட்டினார். அதில் பன்னிரண்டு வருஷமாக ஒன்றும் தெரியாதாம். வேலைக்கான கடைசிப் போட்டியில் விழுந்த அடி. ஆபீசில் வருகிற மெடிக்கலில் அந்தக் கண்ணுக்கும் அதே எழுத்து வாய்ப்பாட்டைச் சொல்லித்தான் ஓட்டுகிறாராம். ஏதோ சைக்கிள் டியூபில் பஞ்சர் என்பது போல இதையெல்லாம் சொன்னார். ஒரு கண்ணுக்கு ஒரு சர்க்கார் வேலை, பென்ஷனோடு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது போல என்னைப் பார்த்தார்.

"உங்கக்காக்குத் தெரியாது. சொல்லிகினு இருக்காத" என்றார் கடைசியாக.

அந்த மனிதர் மேல் பரிதாபம் வந்திருக்க வேண்டும் என்று பலபேர் சொல்லலாம். வரவில்லை. என்ன ஆகும் என்று தெரியாமல் தள்ளிவிட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன். தெரிந்துதான் தள்ளினார்.

மறுவாரம் அதே டாக்டரம்மாவிடம் போனேன். ஓட்டையைச் சுற்றி வேறொரு லேசரால் சுட்டு அடைத்தார்கள். கண்ணாடி கண்ணாடியாகவே இருந்தது. கிளப் பக்கம் அதன்பிறகு போகவில்லை. திருவொற்றியூரில் ஒரு எடைமேடையில் லாரிகளுக்குச் சீட்டு எழுதும் வேலை கிடைத்தது, இன்றைக்கும் அதில்தான் இருக்கிறேன்.

அந்தச் செலக்‌ஷன் நான் போகாமலே முடிந்த மறுநாள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள், கூடவே மாமாவும். கையில் வந்த சர்க்கார் வேலையை ஏன்டா உதைத்தாய், உனக்காக இவர் எத்தனை பேர் காலில் விழுந்தார் தெரியுமா என்று அழுதாள். அம்மாவும் சேர்ந்துகொண்டாள். மாமா சுவரில் சாய்ந்தபடி நல்ல கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் அவர் வேலை போகும், அக்கா குடும்பம் தெருவுக்கு வரும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"பயந்துட்டேன்க்கா" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையை, கண்ணாடி போட்டிருந்ததால், தெளிவாகப் பார்த்தேன். மாமா தலையை மட்டும் ஆட்டினார், ரவுண்டு முடிந்ததும் மூலையிலிருந்து ஆட்டுவாரே, அதே மாதிரி. என்னை அந்த வார்த்தையைச் சொல்ல வைத்ததற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.