ஐந்தரை மணி நேரப் பிசகு

போன வாரம் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போயிருந்தேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில், ஒரு மாடியில் புதிதாக வந்திருக்கிற பல் ஆஸ்பத்திரி. படியேறும்போது என் கால் தானாகவே ஏழாவது படியைத் தாண்டிக்கொண்டது. ஒரு காலத்தில் அது உடைந்த படி. இப்போது டைல்ஸ் ஒட்டிப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள், என் காலுக்கு மட்டும் அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. பின்னால் வந்த அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சும்மா இல்லை. நான் நாலு வருஷம் ஏறி இறங்கிய படி அது. அந்த மாடியில்தான் எங்கள் இன்டர்நெட் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு முதலாளி, கம்பம் ஏற இரண்டு பேர், போன் எடுக்க ஸ்டெல்லா, அப்புறம் நான். விசிட்டிங் கார்டில் எனக்கு 'நெட்வொர்க் இன்ஜினியர்' என்று போட்டிருந்தது. அம்மா சொந்தக்காரர்களிடம் 'கம்ப்யூட்டர் ஆபீசர்' என்று சொல்லி வைத்திருந்தார். ஆபீசர் பாதி நாள் மொட்டை மாடிகளில் வெயிலில் நின்றுகொண்டிருப்பார்.

ஆஸ்பத்திரியில் கிராம்புத் தைல வாசனை. எங்கள் நாளில் அந்த மாடிக்கு வெங்காய வாசனை. கீழே சின்ன வெங்காய மண்டி. மேலே மெஷின் அறையில் ஏசி என்னதான் ஓடினாலும் அந்த வாடை சட்டையை விடாது. "நீ கம்ப்யூட்டர் வேலைக்குப் போறியா, மூடை தூக்கப் போறியா?" என்று வீட்டில் கேலி செய்வார்கள். அழுதால்கூட வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம் என்று ஸ்டெல்லா சொல்வாள். அந்த வசதி ஒரு நாள் எனக்குத் தேவைப்பட்டது.

என் முறைக்காகக் காத்திருந்தபோதுதான் எதிர்ச் சுவரைப் பார்த்தேன். இரண்டு ஆணிகள். பெயின்ட் அடித்தவர்கள் அவற்றைப் பிடுங்காமல் மேலேயே அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒன்றில் எங்கள் ஆபீஸ் கடிகாரம் தொங்கியது. இன்னொன்றை அடித்தவன் நான். அந்த ஆணியைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வந்தேன், பல்லில் ஆரம்பித்து எங்கெங்கோ போய்விட்டேன்.

எங்களுக்கு வருகிற புகார்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். நெட்டு வரவில்லை. ஏன் வரவில்லை என்று போய்ப் பார்த்தால், கல்யாணப் பந்தல் போட்டவர்கள் கேபிளில் சீரியல் லைட்டைக் கட்டியிருப்பார்கள். நத்தம் பக்கம் மாந்தோப்பு வீட்டில் அணில் கடித்திருக்கும். மிக்ஸி போடுவதற்காக எங்கள் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, "காலையிலருந்து நெட்டு இல்ல, என்னப்பா கம்பெனி நடத்துறீங்க?" என்று ஏசியவரும் உண்டு. "ஒருக்கா ஆப் பண்ணி ஆன் பண்ணுங்கண்ணே" என்று ஸ்டெல்லா ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாளோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

இன்னொரு வகைப் புகார் மெயிலில் வரும், இங்கிலீஷில், யாரென்றே தெரியாத ஊர்களிலிருந்து. 'உங்கள் இணைப்பு ஒன்றிலிருந்து எங்கள் கம்ப்யூட்டருக்குள் நுழையப் பார்க்கிறார்கள், இன்ன முகவரி, இன்ன நேரம், கவனியுங்கள்.' யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து, அவருக்கே தெரியாமல் ஊர்வம்பு இழுத்துக்கொண்டிருக்கும். நாங்கள் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். அதில் ஒரு சிக்கல். முகவரி என்றால் வீட்டு விலாசம் இல்லை, நெட்டில் ஒவ்வொரு இணைப்புக்கும் நாங்கள் கொடுக்கிற எண். எங்களிடம் இருந்த எண்கள் கொஞ்சம், வீடுகள் நிறைய. அதனால் காலையில் ஒரு வீட்டுக்குக் கொடுத்த முகவரி மத்தியானம் வேறொரு வீட்டுக்குப் போய்விடும். எந்த நேரத்தில் யாரிடம் இருந்தது என்று பதிவில் பார்த்தால்தான் ஆள் தெரியும்.

ஆளைப் பிடித்ததும் நாங்கள் போன் செய்து சொல்ல மாட்டோம். சொன்னால் யாரும் கேட்பதில்லை. லைனை வெட்டிவிடுவோம். வெட்டினால் ஐந்தாவது நிமிஷம் அவர்களே கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்தால்தான் மறுபடி லைன். ஒரு தடவை புகார்களைக் கவனிக்காமல் விட்டதில் வெளிக் கம்பெனிகள் எங்களைத் தடுத்துவைத்து, எங்கள் வாடிக்கையாளர் எல்லோருடைய மெயிலும் வெளியே போகாமல் நின்றுபோனது. அதிலிருந்து முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "எவனா இருந்தாலும் வெட்டு. அப்புறம் பேசு."

மெயில் புகார்களை எப்போதும் ஸ்டெல்லாதான் பார்ப்பாள். அன்றைக்கு அவள் தம்பிக்கு நிச்சயதார்த்தம், லீவு. முந்தின நாள் நடந்ததாக ஒரு புகார் வந்திருந்தது. நேரம் பத்து நாற்பது. நான் பதிவைத் திறந்து, முந்தின நாள் காலை பத்து நாற்பதுக்கு அந்த முகவரி யாரிடம் என்று தேடினேன். பாண்டியம்மாள், வடமதுரை பக்கத்துக் கிராமம். ஒரு சொடுக்கு. லைன் போனது. எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? ஸ்டெல்லா இல்லாமலே முடித்துவிட்டேன் என்று ஒரு பெருமை.

பன்னிரண்டரைக்குப் பாண்டியம்மாளிடமிருந்து போன் வந்தது.

"அப்பு, நெட்டு நின்னுபோச்சு."

"உங்க வீட்டு கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்குக்கா."

"கம்ப்யூட்டரே இல்லையேப்பா. எம்மக மீனா அனுப்புன சிலேட்டு மாதிரி ஒண்ணு இருக்கு, அம்புட்டுத்தான்."

"அப்ப அதுலதான் இருக்கும். கிருமி மாதிரிக்கா."

"அவளுக்கும் ஏதோ கிருமின்னுதான்பா சொல்றாக" என்றார்.

மீனா வளைகுடாவில் நர்ஸ். தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே படுக்கையில் கிடந்தாள். தொண்டையில் குழாய், பேச முடியாது. போனில் கூப்பிட்டுப் பிரயோசனம் இல்லை. கூட வேலை பார்க்கிற பெண் ஒருத்தி தினமும் நம் நேரம் இரண்டு மணிக்கு வீடியோவில் முகத்தைக் காட்டுவாளாம். அக்காவுக்குப் பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. அந்த டேப்லெட்டில் சிம் போட வழியில்லை, எங்கள் லைன் இருந்தால்தான் படம் தெரியும். இவ்வளவையும் அவர் சொன்னார். நான் கேட்டேன். கேட்டுவிட்டு, நாளைக்கு ஆள் வந்து சுத்தம் செய்த பிறகுதான் லைன் தரமுடியும் என்றேன்.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மறுபடி கூப்பிட்டார்.

"செத்த நேரம் மட்டும் விடு அப்பு. முகத்தப் பாத்துட்டு உடனே அமத்திக்கிடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"ரூல்ஸ்க்கா. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

பண்ணியிருக்கலாம். பத்து நிமிஷம் திறந்துவிட்டு மூடியிருக்கலாம், ஒரு நாயும் கேட்டிருக்காது. போனை வைத்துவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். வெஞ்சனம் அவரைக்காய்ப் பொரியல். அதுகூட இன்னும் ஞாபகம் இருக்கிறது, பாருங்கள்.

மறுநாள் காலை ஸ்டெல்லா வந்தாள். புகாரைப் படித்தாள், பதிவைப் பார்த்தாள்.

"அண்ணே, எந்த நேரத்தப் பாத்தீங்க?"

"பத்து நாப்பது."

"அது உலக நேரம்ணே. நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி கூட்டணும்."

அவள் கம்ப்யூட்டரின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் எப்போதும் ஒட்டியிருக்கும். 'அவங்க நேரம் + 5.30'. தினமும் பார்க்கிற காகிதம். ஆனால் நான் என் இடத்தில் உட்கார்ந்தல்லவா வேலையை முடித்தேன்! ஐந்தரை மணி கூட்டினால் சாயங்காலம் நாலு பத்து. அந்த நேரத்தில் அந்த முகவரி ஒரு ஜெராக்ஸ் கடையிடம் இருந்தது.

பாண்டியம்மாள் அக்காவின் லைனைத் திறந்துவிட்டு வண்டியை எடுத்தேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. வடமதுரை தாண்டி மண் ரோட்டில் திரும்பும்போதே அந்த வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் தெரிந்தன. ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலமே மீனா போய்விட்டாள்.

இரண்டு மணிக்கு அந்தப் பெண் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். மீனா கண் திறந்துதான் இருந்தாளாம். திரையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

நான் கம்பெனி ஆள் என்று யாரோ சொன்னதும் அக்கா எழுந்து வந்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாந்தான் அப்பு எதையோ தப்பா அமுக்கிப்புட்டேன். இந்தக் கைதான். இல்லாட்டி எம்புள்ள என்னயப் பாத்துருக்கும்ல?" என்றார்.

உங்கள் வீட்டில்தான் கோளாறு என்று சொன்னவன் நான்தானே. அவர் நம்பிவிட்டார். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "பரவால்லக்கா."

என் தப்புக்கு அவரை மன்னித்துவிட்டு வந்தேன், ஐயா. வேறென்ன சொல்ல?

ஆபீசுக்கு வந்து அழுதேன். ஸ்டெல்லா ஜன்னலைத் திறந்துவைத்தாள், வெங்காய வாடை நன்றாக உள்ளே வரட்டும் என்று. மறுநாள் ஒரு கடிகாரம் வாங்கி, உலக நேரத்துக்கு வைத்து, பழைய கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினேன். வந்தவர்களெல்லாம் "ஒரு கடிகாரம் தப்பா ஓடுதே?" என்று கேட்பார்கள். அது சரியாகத்தான் ஓடியது.

அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தடவை வண்டியில் போனேன். ஒரு தடவை வடமதுரையில் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். இன்னொரு தடவை அவர் வாசல்வரைக்கும் போய், அவர் வீட்டு மாடியில் நெட்டுக்காக நாங்கள் வைத்திருந்த ஆன்டெனாவைச் சரிபார்க்கிறவன் மாதிரி அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தேன். அப்புறம் பெரிய கம்பெனிகள் வந்து எங்கள் கம்பெனி மூடிப்போனது. ஸ்டெல்லா கல்யாணமாகி வெளியூர் போனாள். மெஷின்களைப் பழைய இரும்புக்காரர் எடுத்துப்போனார். அந்த மூடைக்குள் இரண்டு கடிகாரங்களும் போயின.

பல் பிடுங்கி வாயில் பஞ்சோடு வந்த அன்றைக்கே, என்ன தோன்றியதோ, வடமதுரைக்குப் பஸ் ஏறினேன். மாடியில் ஆன்டெனா இல்லை, அது இருந்த கம்பி மட்டும் நின்றது. அக்காவின் தம்பி இருந்தார். அக்கா போன தை மாசம் காலமாகிவிட்டாராம்.

"கடேசி வரைக்கும் ஒரு போனத் தொடலைய்யா. யாரு கூப்ட்டாலும் நாந்தான் காதுல வச்சுப் பிடிக்கணும். கையில குடுத்தா வெடுக்குனு பின்னால இழுத்துக்கிரும். நான் தொட்டா கெட்டுப்போகும்டா, எம்புள்ளயே போச்சுன்னு சொல்லும்" என்றார்.

அந்தக் கை எதையும் அமுக்கவில்லை, அக்கா. அமுக்கியவன் நான். அதை அவர் தம்பியிடம் சொன்னேன். வாயில் பஞ்சு இருந்ததால் அவருக்குப் புரியவில்லை. பஞ்சை எடுத்துவிட்டு மறுபடி சொன்னேன். அவர், "இத அதுகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லய்யா" என்றார்.