கைநழுவிய பேய்ச்சீட்டு

அந்தச் சீட்டுக்கட்டின் மேல் எனக்கு இருந்ததை ஆசை என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். வயிற்றெரிச்சல் என்பதுதான் சரி.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், எப்போது வரும் என்று மலாக்கா முழுவதும் பேசிக்கொண்டிருந்த சமயம். காஜா பெராங் தெருவில் எங்கள் கூட்டாளிகள் நாலைந்து பேருக்கு மட்டும் பேச்செல்லாம் சீட்டைப் பற்றித்தான். ஆடுவதற்கு அல்ல, சேர்ப்பதற்கு. சிகரெட் டப்பாவில் வரும் படச்சீட்டு, நோன்யா என்கிற மலாக்காச் சீனப் பெண்கள் ஆடும் செர்க்கிச் சீட்டு, கப்பல்காரர்கள் விட்டுப்போன சீட்டு என்று ஆளுக்கொரு பிஸ்கட் டின்னில் நிரப்பி வைத்திருந்தோம். எல்லோரும் கேள்விப்பட்டு, யாரும் கண்ணால் பார்த்திராதது ஜப்பான்காரர்களின் பேய்ச்சீட்டு. கடற்கரை பங்களாவில் இருந்த அதிகாரி ஒருவன் யுத்தத்தில் தோற்றுப் போகும்போது விட்டுவிட்டுப் போனதாம். சிங்கப்பூரிலிருந்து யாரோ ஆள் அனுப்பித் தேடியும் அகப்படவில்லை.

ஜப்பான் பொருளை வீட்டில் வைத்திருப்பதே அப்போது சண்டைக்கு வழி. எங்கள் கூட்டத்துச் சீன நண்பன், பேய்ச்சீட்டு என்ற பேச்சு வந்தாலே காறித் துப்பிவிட்டு எழுந்து போய்விடுவான். அவன் அண்ணனை லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் திருப்பிக் கொண்டுவரவில்லை. என் அப்பாவும் ஜப்பான்காரர்களுக்குச் சயாம் ரயில்பாதை போடப் போய்த் திரும்பாதவர்தான். இருந்தும் எனக்கு அந்தச் சீட்டு வேண்டும்.

பேய்ச்சீட்டு வந்திருப்பதாகப் பழைய சாமான் கடைக்காரர் ஒரு நாள் எங்களுக்குச் சொல்லி அனுப்பினார். நான் ஜாலான் பெண்டஹாரா தெருவில் துணிக்கடையில் வேலைக்கு நின்றுகொண்டிருந்தேன். முதலாளி மாலையில்தான் விட்டார். அதற்குள் கூட்டத்தில் இன்னொரு நண்பன் காலையிலேயே போய்ப் படங்களை வாங்கிவிட்டான். "காம்பார் சுடா ஹாபிஸ்," படமெல்லாம் தீர்ந்தது என்று கடைக்காரர் கையை விரித்தார். மிச்சம் இருந்தது படமே இல்லாத, வெறும் எழுத்து மட்டும் உள்ள பாதிக்கட்டு. யாரும் சீந்தாத அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

அந்த நண்பன் மலாக்காச் செட்டி, எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்த தமிழ் வணிகர் வழி. நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய மலாய். தமிழ் அவனுக்குச் சாமி பெயர்களோடு சரி. படங்களை அவன் காட்டியபோது ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தேன். ஒற்றைக் கண் திறந்த குடை, கூரை வரை கழுத்தை நீட்டிய பெண், கிமோனோ கட்டிய பூனை. வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அவற்றை எடுத்துக் காட்டினான், அதுவும் கறிபாப் பலகாரம் தின்ற எண்ணெய்க் கையோடு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இவனுக்கா கிடைக்க வேண்டும்?

ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஒரு எழுத்து இருந்தது. அதை வாசிக்கத் தெரிந்தவன் எங்கள் கூட்டத்தில் நான் ஒருவன்தான். ஜப்பான் காலத்துப் பள்ளிக்கூடத்தில் நான் கெட்டிக்காரன், வாத்தியார் கையால் சீனி பரிசு வாங்கியவன். ஒருவர் என் பாதியிலிருந்து ஒரு வரியைப் படிக்க வேண்டும். அதன் முதல் எழுத்து உள்ள படத்தை மற்றவர்கள் பாய்ந்து எடுக்க வேண்டும். அதுதான் ஆட்டம். எழுத்துத் தெரியாதவர்களுக்கு எந்தப் பேய் என்று கையால் சாடை காட்டினால் போதும்.

"லூ பாச்சா லா," நீயே படி என்றான் நண்பன். ஒரு தடவை ஒழுங்காக ஆடிப் பார்த்துவிட்டால் கட்டு முழுவதையும் நானே வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னான். அவனுக்கு அது அவ்வளவு லேசு. கேட்காமலே தூக்கிக் கொடுக்கிற அந்தத் தாராளத்தைப் பார்த்தும் எனக்கு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் வீட்டு முன்கூடத்தில் படங்களைப் பரப்பினோம். நான் எழுந்து நின்றேன். ஜப்பான் மொழியை எங்களுக்கு உட்கார்ந்து படிக்கச் சொல்லித்தரவில்லை. விறைப்பாக நின்று, நெஞ்சை நிமிர்த்தி, கத்த வேண்டும். குரல் இறங்கினால் கன்னத்தில் விழும். வேறு மாதிரி படிக்க எனக்குத் தெரியாது. முதல் வரியைக் கத்தினேன். சீன நண்பன் வரவில்லை; மற்றக் கூட்டாளிகள் சிரித்தபடி பாய்ந்தார்கள். கட்டு என் கைக்கு வரப்போகிறது என்ற குஷியில் அடுத்த வரியை இன்னும் ஓங்கிக் கத்தினேன்.

அடுக்களையில் சம்பாலுக்கு மிளகாய் இடிக்கும் சத்தம் நின்றது. நண்பனின் அம்மா வாசற்படிக்கு வந்தார். எனக்கு எத்தனையோ தடவை சோறு போட்டவர். கைகளைச் சாரோங்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு, இடுப்பை மடக்கி, என் முன்னால் தலை குனிந்து நின்றார். ஜப்பான் சிப்பாயைக் கண்டால் அப்படித்தான் குனிய வேண்டும். அவருடைய கணவரை அந்தக் கூடத்திலிருந்து இழுத்துக்கொண்டு போன அன்றும் அப்படியே குனிந்து நின்றதாக நண்பன் முன்பு சொல்லியிருக்கிறான். அவர் நிமிரவே இல்லை.

நண்பன் எழுந்து போய் அவரைத் தோளோடு தூக்கி நிறுத்தினான். "மா, டாக் ஆடா ஓராங்," யாரும் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். பிறகு தரையில் கிடந்த படங்களை இரண்டு கையாலும் வாரிக்கொண்டு அடுக்களைக்குப் போனான்.

"டேய், அதை எனக்குத் தரேன்னு சொன்னியேடா!"

அவனுக்குப் புரியாத தமிழில் கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். அதற்குள் எல்லாவற்றையும் விறகடுப்பில் போட்டுவிட்டான். எரிவதைக்கூட நின்று பார்க்கவில்லை, அம்மாவிடம் திரும்பிப் போனான்.

பாதி வழி வரைக்கும் அவனைத் திட்டிக்கொண்டே நடந்தேன். பைத்தியக்காரன், உலகத்தில் எத்தனை பேரிடம் இருக்கும் அது? அதற்குப் பிறகுதான் வேறொரு எரிச்சல் வந்தது. அம்மா குனிந்த உடனே அவன் கண்ணுக்குச் சீட்டு தெரியவில்லை. எனக்கு அப்போதும் சீட்டுதான் தெரிந்தது, கையில் அடுத்த வரியைத் தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவனிடம் இருந்ததில் எனக்கு இல்லாதது பேய்ப்படங்கள் மட்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்தப் பொறாமை இந்த வயதிலும் அடங்கவில்லை.

வீட்டில் அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். என் பாதியையும் அதில் போட்டுவிடலாம் என்று அருகில் போய் நின்றேன். சட்டைப்பைக்குள் விட்ட கை, எழுத்துச் சீட்டுகளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தது.

"என்னடா, அடுப்புகிட்டயே நிக்கிற? பசிக்குதா?"

"ஆமா மா," என்றேன்.

அம்மா சோற்றுப்பானையை இறக்கி எனக்குத் தட்டு வைத்தார்.