அக்காவின் ஆரோக்கிய ரத்தம்

என் அக்கா வைரஸ் விஞ்ஞானி. சின்ன வயதில் வீடே காய்ச்சலில் வரிசையாகப் படுத்துக் கிடந்தாலும் அவள் மட்டும் ஒரு தும்மல்கூடப் போடமாட்டாள். எங்களுக்கு வெந்நீர் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பாள். அப்போதே எனக்கு அவள்மேல் கடுப்பு.

பெரியவளானதும் அதையே சம்பளத்துக்குச் செய்தாள். ஆராய்ச்சி நிலையத்தின் பின்கட்டிடத்தில், உறைபெட்டிகள் ஓயாமல் உறுமும் அறையில், ஒரே ஒரு காய்ச்சல் வைரஸைப் பிடித்துக்கொண்டு இருபது வருடம் தொங்கினாள். நோயாளியின் ரத்தத்தைச் சோதிக்கும்போது ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டுமாம். அதற்கென்று ஆள் தேடி அலைவானேன் என்று அக்கா தன் கையையே நீட்டிவிட்டாள். அவளைவிட ஆரோக்கியமான ஆள் யார்? ஆய்வக உதவியாளர் ரத்தம் எடுத்து, குழாயில் ‘ஆரோக்கியம்’ என்று சீட்டு ஒட்டி வைப்பார்.

அப்படித்தான் அக்கா கண்டுபிடித்தாள்: அந்த வைரஸ் தாக்கியவர்களுக்கு ரத்தத்தில் ஒரு வகை வெள்ளணுவின் எண்ணிக்கை பாதாளத்துக்கு இறங்கிவிடுகிறது. கட்டுரைகள் வந்தன, விருது வந்தது. வேறு சில ஆய்வகங்கள் மட்டும், எங்களுக்கு அப்படி வரவில்லையே என்று இழுத்தன. உங்களுடைய ஆரோக்கிய ரத்தம் சரியில்லை என்று சொல்லி, அக்கா தன் ரத்தத்தையே உறைய வைத்து அனுப்பினாள். உடனே அவர்களுக்கும் வந்துவிட்டது. நன்றி சொல்லி எழுதினார்கள்.

பிறகு ஒருநாள் குளியலறையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டாள். அவள் வீட்டில் கிடந்த நாட்களில், அவளுக்கு அடுத்த நிலையிலிருந்த விஞ்ஞானி, ஆரோக்கிய ரத்தமாக உதவியாளரின் ரத்தத்தை வைத்துச் சோதித்தார். நோயாளிக்கு எவ்வளவோ, உதவியாளருக்கும் அவ்வளவே இருந்தது. பாவம், அவருக்கும் நோய் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்து அந்த விஞ்ஞானி தன் ரத்தத்தைப் பார்த்தார். அதுவும் அப்படியே. வாட்ச்மேன், கேன்டீன்காரர் என்று ஒருவர் பாக்கியில்லை. இயக்குநர் தன் எண்ணிக்கையைக் கேட்டதும் வக்கீலை வரவழைத்து உயில் எழுதினார். வாசல் கேட்டைப் பூட்டினார்கள். அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவளுக்கு ஒரே குஷி. ஒருத்தரையும் வெளியே விடாதீர்கள், இத்தனை நோயாளிகள் ஒரே இடத்தில் கிடைக்கமாட்டார்கள் என்றாள்.

மாவுக்கட்டோடு அவளை நான்தான் அங்கே கூட்டிப்போனேன். எல்லாருடைய ரத்தத்தையும் மறுபடி இயந்திரத்தில் ஓட்டினாள். கடைசியில் தன்னுடையதையும் ஓட்டினாள். பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள்.

“இவங்க யாருக்கும் ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் அந்த வெள்ளணு எக்கச்சக்கமா இருக்கு,” என்றாள்.

கேட்டைத் திறந்தார்கள். இயக்குநர் உயிலைக் கிழித்தார். அக்கா தன் கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் தானே திரும்பப் பெற்றாள். வாழ்நாளெல்லாம் அவளைக் கிண்டல் செய்தவன் நான். அன்றைக்கு அவளை வீட்டுக்குக் கூட்டிவந்து வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

ஆனால் அவளுக்கு மட்டும் ஏன் அப்படி? இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. அவளுக்குக் கண்ணில் பழைய வெறி வந்துவிட்டது. நெறிமுறைக் குழுதான் குறுக்கே விழுந்தது. ஆராய்கிறவரே ஆராயப்படும் ஆளாக இருக்க முடியாதாம். விஞ்ஞானியாக இருந்தால் அவள் தன் ரத்தத்தைத் தொடக்கூடாது. ரத்தம் கொடுத்தால் ஆய்வகத்தை விட்டுவிட வேண்டும். அந்த அறைதான் அவளுடைய உலகம். போனால் போகிறது கேள்வி, நாற்காலியை விடாதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். மறுநாளே ஆய்வகச் சாவியை அடுத்த நிலையிலிருந்த அந்த விஞ்ஞானியிடம் கொடுத்துவிட்டாள்.

முதல் தடவை ரத்தம் கொடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். வெளியே பெஞ்சில் உட்காரவைத்து, பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். அக்கா பழக்கதோஷத்தில் இயந்திரத்தின் பக்கம் எட்டிப் பார்த்தாள். அந்த விஞ்ஞானி திரையை மெதுவாகத் திருப்பிவைத்தார்.

“ஏன் இப்படின்னு தெரிஞ்சா எனக்குச் சொல்லுவீங்கல்ல?” என்று அக்கா கேட்டாள்.

அவர் நெளிந்தார். “ரத்தம் குடுக்கறவங்களுக்கு முடிவைச் சொல்லக்கூடாது மேடம். நீங்க போட்ட விதிதான்.”

உதவியாளர் இடது கையில் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு, நரம்பு கிடைக்கவில்லை என்று ஊசியை எடுத்துவிட்டார்.

“நல்ல விதிதான்,” என்று சொல்லிவிட்டு அக்கா வலது கையை நீட்டினாள்.