நான்கு சக்கரமும் இழுக்கும், நிறுத்துமா?

ஒரகடத்தில் தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். டயர் தேய்ந்த வண்டியை கேட்டுக்குள் விட்டதே இல்லை. மின்சார எஸ்.யு.வி. வாங்கும்போது, "பின்சக்கர இயக்கமே போதுங்க" என்றாள் மனைவி. நான்கு சக்கரத்தையும் மோட்டார் சுழற்றும் நான்கு சக்கர இயக்கம்தான் மழைக்குப் பாதுகாப்பு என்று வகுப்பெடுத்து, அதையே வாங்கினேன். எந்தச் சேற்றிலும் வழுக்காமல் கிளம்பியது. டயரைக் குனிந்து பார்க்கவே தோன்றவில்லை.

மூன்றாம் வருட மழையில் படப்பையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம்.

"மெதுவாப் போங்களேன்."

"நாலு சக்கரமும் இழுக்குது, பயப்படாதே."

முன்னால் சென்ற கன்டெய்னர் லாரி சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்காமல் தண்ணீரில் வழுக்கிக்கொண்டே போனது. லாரியின் பின்பக்க இரும்புச் சட்டம் அவள் முகத்துக்கு நேராக வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு முழம் இடைவெளியில் நின்றோம்.

லாரி டிரைவர் இறங்கி வந்து என் டயரைத் தடவினார். "இன்னா சார், மொட்டையா கீது! எத்தினி சக்கரம் இழுத்தா இன்னா, நிக்கிறது டயர்லதானே?"

கேட்டில் நின்று நான் வருடக்கணக்காகச் சொன்னது அதைத்தான்.

இப்போது என் மனைவி டயரைப் பார்த்து, "ஏறுங்க" என்று சொன்ன பிறகே வண்டியில் ஏறுகிறேன்.